ரேணுகாம்பாள் சுற்றிய இடக்கைப்பிடி

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சக்கரவர்த்தியின் சைக்கிள் கடை இருந்தது. எண்பதுகளில் ஹேண்டில் பாருக்குக் கைப்பிடி சுற்றிக்கொள்ள அங்கே போனவர்கள் எல்லோரும் ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். சக்கரவர்த்தியின் பெண்டாட்டி ரேணுகாம்பாள் சைக்கிளுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து வலப்பக்கத்துப் பிடியைச் சுற்றுவாள். அது முடிந்ததும் எழுந்து, முக்காலியையும் தூக்கிக்கொண்டு, முன் சக்கரத்துக்கு எதிரே போய் உட்காருவாள். அங்கிருந்தபடி கையை நீட்டி இடப்பக்கத்துப் பிடியைச் சுற்றுவாள். கை எட்டாது, முதுகு வலிக்கும், ஆனாலும் அப்படித்தான்.

"இன்னாம்மா, மியூசிகல் சேர் வெளையாடுறியா?" என்று யாராவது கேட்டு வைப்பார்கள்.

கேட்டவருக்குப் பதில் கிடைக்கும். அதுவும் ஒளிவு மறைவில்லாத பதில். "மின்ன ஒருவாட்டி ரெண்டையும் ஒரே பக்கமா குந்திக்கினு சுத்திட்டேங்க. அதால ஒரு மனுசனுக்கு ரெண்டு வெரலு போச்சு. அதான் எழுந்து போறேன்."

உள்ளே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும் சக்கரவர்த்தி தலையில் அடித்துக்கொள்வான். "யாவாரம் பண்ற எடத்துல சொல்ற பேச்சாடி இது?" வந்தவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும்தானே? ஒருத்தர்கூடப் போனதில்லை. சொன்ன பொம்பளையின் முகத்தைப் பார்த்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். நெஞ்சுரம் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்கிறோம். தான் செய்த தப்பைத் தன் கடை வாசலிலேயே, வருகிறவன் போகிறவனிடமெல்லாம், பத்து வருஷம் சலிக்காமல் சொன்னாளே, அதற்கு மேல் என்ன நெஞ்சுரம் வேண்டும்?

ரேணுகாம்பாளுக்குப் பிறந்த ஊர் அடி அண்ணாமலை. கேழ்வரகும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பம். எழுபத்தொன்றில் சக்கரவர்த்தியைக் கட்டிக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு வந்தாள். அப்போது ஊரெல்லாம் வயர் கூடைப் பைத்தியம் பிடித்து ஆடியது. வீட்டுக்கு வீடு பொம்பளைகள் கலர் கலரான பிளாஸ்டிக் வயரை வைத்துக்கொண்டு கூடை பின்னினார்கள். ரேணுகாவும் பின்னினாள். மிச்சப்பட்ட கிளிப்பச்சை வயரையும் மஞ்சள் வயரையும் தூக்கிப் போட மனசு வராமல், ஒரு மத்தியானம் புருஷன் சைக்கிளின் ஹேண்டில் பாரில் டைமன் டைமனாகப் பின்னி, நுனியில் குஞ்சம் விட்டாள். அவ்வளவுதான். மறுநாள் மூன்று பேர் கடை வாசலில் நின்றார்கள்.

நாலு வருஷத்தில் போளூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்குச் சீராகச் சைக்கிள் கொடுக்கிற பெண் வீட்டார், வாங்கின கையோடு வண்டியை நேராக ரேணுகாவிடம்தான் ஓட்டி வருவார்கள். ஹேண்டில் பாரின் நிக்கல் பூச்சு எவ்வளவு பளபளத்தாலும், ரேணுகா கைப்பிடி இல்லாத சைக்கிள் அரைச் சைக்கிள் என்று ஆகிப்போனது. சக்கரவர்த்திக்கு இதில் கொஞ்சம் பொறாமை. "பிரேக் கட்டை நான் மாத்துறேன், பேரு இவளுக்கு" என்று முனகுவான். ஆனால் நல்ல வயர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் வேலூருக்கே போய் வாங்கி வருகிறவனும் அவன்தான்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது, பிடிவாதமான பழக்கம். எதைச் சுற்றினாலும் வலமாகத்தான் சுற்றுவாள். கைப்பிடி சுற்ற உட்காரும்போது ஒரு தடவை தலையைத் தூக்கி அண்ணாமலை மலையைப் பார்ப்பாள். பிறகு, அந்த நாளில், இரண்டு பிடிக்குமே சைக்கிளுக்குப் பின்னால், நுனிப்பக்கமாக உட்கார்ந்து, மலையை ஜனங்கள் எப்படிச் சுற்றி வருகிறார்களோ அதே போக்கில் வயரை ஓட்டுவாள். வலப்பிடியும் அப்படித்தான், இடப்பிடியும் அப்படித்தான். மலை சுற்றுகிற வழியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு எதிர்ச்சுற்று என்பது நினைத்தாலே ஆகாத காரியம். யாரோ ஒருவருடைய வண்டிக்கு, அதுவும் கல்யாண வண்டிக்கு, அப்பிரதட்சணமாகச் சுற்றிக் கொடுப்பார்களா?

வயர்ப் பிடியைப் பொறுத்தவரை அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அது கூடை மாதிரிப் பின்னல். ஒரு முடிச்சை இன்னொரு முடிச்சு பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் போட்டு முறுக்கினாலும் அசையாது.

எழுபத்தாறில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து சேர்ந்தார். தன் ஊரிலிருந்தே சைக்கிள் மிதித்து வந்தவராம். ஆசிரமத்துப் பக்கம் ஒரு ரூம் எடுத்துக்கொண்டு, கையைக் காலை ஆட்டிப் பேசிக்கொண்டு, கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய சைக்கிளைப் பார்க்க ஒரு கூட்டம். ஹேண்டில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்திருக்கும். அதன் மேல் வயரும் இல்லை, ரப்பரும் இல்லை. துணி நாடா சுற்றி, அதன் மேல் அரக்குப் பூசியிருந்தது. தேன் நிறம். தொட்டால் வழுக்காது, வெயிலில் சுடாது, வியர்வையில் நசநசக்காது.

இன்னொரு அதிசயமும் அதில் இருந்தது. ஹேண்டிலுக்குக் கீழே தொடங்கிப் பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்குகிற குழாயில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன லீவர்கள். கியர் மாற்றுவதற்கு. ஓட்டிக்கொண்டே கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, குனிந்து, அதைத் தள்ள வேண்டும் அல்லது இழுக்க வேண்டும். வலது லீவரைத் தன் பக்கம் இழுத்தால் மிதி இலேசாகும், தள்ளினால் கெட்டியாகும். எங்கே நிறுத்துவது என்று அதில் அடையாளமே கிடையாது. சக்கரவர்த்தி ஓட்டிப் பார்த்துவிட்டு, "டக்குனு ஒரு சத்தம் வந்தாத்தானே மாட்டிக்கிச்சுனு தெரியும்? இது இன்னா லீவரு, கொழகொழன்னு?" என்று இறங்கிவிட்டான். பிரெஞ்சுக்காரர் சிரித்துக்கொண்டே தன் காதைத் தொட்டுக் காட்டினார். சங்கிலியின் கரகர சத்தம் ஓய்கிற வரைக்கும் இழுக்க வேண்டும், ஓய்ந்ததும் விட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ரேணுகா பெடலைக் கையால் சுற்றி லீவரை இழுத்தாள். முதல் தடவையே சத்தம் ஓய்ந்த இடத்தில் கை நின்றது. லீவரின் நடுவில் மூக்குத்தித் திருகாணி மாதிரி ஒரு திருகு. அதை அளவாக முறுக்கி வைத்தால்தான் லீவர் வைத்த இடத்தில் நிற்கும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். சக்கரவர்த்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அந்த நாடாச் சுற்று எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பிரித்துப் பார்த்தாள். வலப்பக்கம் வலமாகச் சுற்றியிருந்தது. இடப்பக்கம் எதிர்ச்சுற்று! ரேணுகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாவம்ங்க, இம்மாந்தூரம் வந்த மனுசனுக்கு எந்தப் பக்கம் சுத்துறதுன்னு தெரியல" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் பக்கத்தில் இல்லாத நேரம். தெரியாமல் செய்த தப்பைத் திருத்திக் கொடுப்பது புண்ணியம் என்று நினைத்து, புது நாடா வாங்கி, இரண்டு பக்கமும் வலமாகவே சுற்றி வைத்தாள். தச்சாசாரியிடம் அவல் மாதிரி தகடு தகடாக இருக்கும் அரக்கு வாங்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, நாலு பூச்சுப் பூசினாள். அந்தச் சைக்கிளை அதற்கப்புறம் அவர் ஓட்டவேயில்லை. காமாலை வந்து படுத்து, எழுந்து, ரயிலேறிப் போய்விட்டார். போகும்போது சைக்கிளைக் காட்டி, "வெச்சுக்கோங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அதை வாங்குவதற்கு ஒருத்தரும் முன்வரவில்லை. கொழகொழ லீவரைக் கண்டு எல்லோருக்கும் பயம்.

இப்போது தபால்காரர் பரசுராமனைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து ஏழு கிராமங்களுக்கும் கடிதமும் மணியார்டரும் அவர் சைக்கிளில்தான் போகும். நாற்பத்தாறு வயசு. வெயிலில் பிளாஸ்டிக் வயர் சுட்டு உள்ளங்கை கொப்புளித்துப் போகிறது என்று ஒரு நாள் கையை விரித்துக் காட்டினார். ரேணுகாவுக்கு உடனே நாடா ஞாபகம் வந்தது.

"அண்ணே, ஒரு வாரம் வண்டிய எங்கிட்ட வுடுங்க. கைக்குப் பூ மாதிரி இருக்கும், பாருங்க."

சொன்ன மாதிரியே செய்தாள். மஞ்சளில் நனைத்த மெல்லிய பாவாடை நாடா, அதன் மேல் அரக்கு. இரண்டு பக்கமும் வலம். வெயில் பட்டால் மாந்தளிர் நிறத்தில் மின்னியது. பரசுராமன் போகிற ஊரெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தார்.

எழுபத்தேழு ஐப்பசியில் அடை மழை. ஒரு பகல், பரசுராமன் ஏரிக்கரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஆள் உயரத்துக்குச் சரிவு. ஏற்றத்தின் பாதியில் சைக்கிள் திரும்பிக்கொண்டது. மனுஷன் சரிவில் உருண்டார். ஹேண்டிலுக்கும் ஒரு பாறைக்கும் நடுவில் இடக்கை நசுங்கியது. பையிலிருந்த கடிதங்கள் நனையவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் அவர் எழுந்தாராம். கையில் கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

மழை, சேறு, வழுக்கிவிட்டது என்று ஊர் பேசியது. ரேணுகாவும் அதையேதான் சொல்லிப் பரிதாபப்பட்டாள்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க் வளைந்த சைக்கிள் கடைக்கு வந்தது. சக்கரவர்த்தி அதை நிமிர்த்திக்கொண்டிருந்தான். ரேணுகா கைப்பிடியைத் துடைக்க உட்கார்ந்தாள். வலப்பிடி கல் மாதிரி இருந்தது. இடப்பிடியில் அரக்கு நெடுக வெடித்து, நாடா நெகிழ்ந்து, உள்ளே இருக்கிற இரும்பு தெரிந்தது. மழைதானே, என்று நினைத்தாள். அப்புறம், மழை இரண்டு பக்கமும்தானே பெய்தது என்று நினைத்தாள். இரண்டையும் இரண்டு கையால் பிடித்து, ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பவன் மாதிரி ஊன்றி அழுத்தினாள். கைகள் தானாக வெளிப்பக்கம் உருண்டன. வலக்கை உருண்ட போக்கில் நாடா இறுகியது. இடக்கை உருண்ட போக்கில் நாடா பிரிந்தது.

பிரெஞ்சுக்காரர் எதற்காக இடப்பக்கத்தை எதிர்ச்சுற்றாகச் சுற்றினார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தெரியாமல் செய்தது அவரில்லை.

"ஏங்க, இது நான் செஞ்சதுங்க" என்றாள்.

சக்கரவர்த்தி வந்து பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "யாருக்கும் தெரியாது ரேணு. அந்த நாடாவப் பிரிச்சிப் போட்டுட்டு புதுசா ரப்பர் மாட்டிடறேன். வுடு" என்றான். கெட்டவன் இல்லை அவன். பெண்டாட்டி மேல் உள்ள பாசத்தில் சொன்னான். ஆனால் அவள் நாடாவைப் பிரிக்க விடவில்லை. ஹேண்டிலைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பரசுராமன் வீட்டுக்கு நடந்தாள்.

போன இடத்தில் நேராகச் சொல்லிவிட்டாள். ஹேண்டிலைத் தரையில் வைத்து, அழுத்திக் காட்டி, எங்கே தப்பு என்பதையும் சொன்னாள். பரசுராமனின் பெண்டாட்டி உண்ணாமலைக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"மலையச் சுத்துற மாதிரி சுத்துறேன் சுத்துறேன்னு பெருமையா சொல்லுவியேடி! எம் புருசன் கைய ஒடிக்கவா சுத்துன? தை மொத தேதிக்குள்ள சைக்கிள் ஏறலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்கம்மா. ரெண்டு பொட்டப் புள்ளய வெச்சுக்கினு நாங்க இன்னா பண்றது?"

ரேணுகா அத்தனையும் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளத்தானே வந்தாள்.

பரசுராமன் மட்டும் அந்த ஹேண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, நல்ல கையால் இடப்பிடியைத் திருகினார். அது உருண்டது. மறுபடி திருகினார். உருண்டது.

"அப்போ எங் கை வுடலையா?" என்றார்.

ரேணுகாவுக்குப் புரியவில்லை.

"நான் இத்தினி நாளா எங் கைதாம்மா வுட்டுடுச்சுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். கைல வலு கம்மியாயிடுச்சு, இனிமே சைக்கிள நம்மால புடிக்க முடியாது, எங்கயாவது நடு ரோட்ல வுட்டுடுவோம்னு. வெரலு மடங்காததுகூடப் பரவால்ல. இந்தப் பயந்தான் என்னத் தின்னுக்கினு இருந்துச்சு." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங் கை புடிச்சுக்கினுதான் இருந்துதா!"

உண்ணாமலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் அப்படி ஒரு பயத்தை உள்ளே வைத்துப் புழுங்கியது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"அண்ணே, தை பொறக்கறதுக்குள்ள நீங்க சைக்கிள்ல ஏறுவீங்க. அது எம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு ரேணுகா எழுந்தாள்.

விஷயம் லேசானதில்லை. ஏற்றத்தில் ஹேண்டிலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துத்தான் மிதிக்க முடியும். பரசுராமனின் இடக்கை அப்படி இழுக்காது. அதனால் மிதி இலேசாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, கடை மூலையில் தூசி படிந்து நின்ற பிரெஞ்சுச் சைக்கிள். சக்கரவர்த்தி அதற்கு நம்ம ஊர் ஹேண்டில் பாரை மாட்டி, பைக்குக் கேரியர் வைத்தான். ஆனால் கியர் லீவர் கீழே குழாயில் அல்லவா இருக்கிறது? அதை இழுக்க வலக்கை கீழே போக வேண்டும். போன கை சங்கிலிச் சத்தம் ஓய்கிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும். அது வரைக்கும், அதுவும் ஏரிக்கரை ஏற்றத்தில், ஹேண்டிலைப் பிடித்திருப்பது இடக்கை மட்டும்தான். மூன்றே விரல் மடங்குகிற இடக்கை.

"லீவர மேல ஹேண்டிலுக்கே கொண்டாந்துட்டா இன்னா?" என்று சக்கரவர்த்தி மொபெட் கேபிள் வாங்கி மாட்டிப் பார்த்தான். கேபிள் கெட்டியாக இருந்ததால் கியர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மூன்று நாள் போராடிவிட்டு மறுபடியும் கீழேயே வைத்தான். ஆக, எல்லாம் அந்த இடப்பிடியில் வந்து நின்றது. எதை அவள் தப்பாகச் சுற்றினாளோ, அதே பிடி.

ஏரிக் களிமண்ணை உருட்டி எடுத்துப் போய் பரசுராமனின் இடக்கையில் கொடுத்து, முடிந்த மட்டும் பிடிக்கச் சொன்னாள். மடங்காத விரல்கள் எந்த அளவில் நிற்கின்றன என்பது மண்ணில் பதிந்தது. அந்தப் பள்ளம் மேட்டுக்குத் தகுந்த மாதிரி, ஹேண்டிலின் மேல் சணல் நூலைச் சுற்றிச் சுற்றி வயிறு மாதிரிப் புடைப்பு வைத்தாள். அந்த இரண்டு விரலும் மடங்காமலே போய்ப் பொருந்திக்கொள்ள வேண்டும். ஒன்பது தடவை சுற்றிப் பிரித்தாள். பத்தாவது தடவை அவர் பிடித்தபோது இடைவெளி இல்லை.

கடைசியில் நாடா சுற்ற வேண்டும். வலப்பிடியைப் பின்னால் உட்கார்ந்து வழக்கம்போலச் சுற்றினாள். இடப்பிடிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எதிர்ச்சுற்றாகச் சுற்றினால்தான் பிரியாது என்று புத்திக்குத் தெரிகிறது. விரல் கேட்க மாட்டேன் என்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை விழுந்த மனுஷனுக்கு அப்பிரதட்சணமாகச் சுற்றிக் கொடுப்பதா? சக்கரவர்த்தி, "நவுரு, நான் சுத்தறேன்" என்று சுற்றினான். பாவம், அவன் சுற்று தொளதொளவென்று இருந்தது. அவளே பிரித்துப் போட்டாள். மலையைப் பார்த்து, "நான் இன்னாதான் பண்ணட்டும், நீயே சொல்லு" என்று கோபமாகக் கேட்டாள். மலை என்ன சொல்லும்?

சரி, வலப்பிடிக்கு அரக்காவது பூசுவோம் என்று எழுந்தாள். அரக்குக் கிண்ணம் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. போனவள், வலப்பிடியின் நாடா முனை கொஞ்சம் நீளமாகத் தொங்குவதைப் பார்த்து, அங்கே இருந்தபடியே இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றின கை பாதியில் திடுக்கிட்டு நின்றது.

கை எதிர்ச்சுற்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதே பிடி. அதே நாடா. பின்னாலிருந்து வலமாகச் சுற்றின அதே சுற்று, முன்னாலிருந்து பார்த்தால் எதிர்ச்சுற்று.

அப்படியானால் இடப்பிடி?

முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முன் சக்கரத்துக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். மலையை ஒரு தடவை பார்த்தாள். கையை நீட்டி இடப்பிடியை வலமாகச் சுற்ற ஆரம்பித்தாள். எழுந்து பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தாள். பிரெஞ்சுக்காரர் சுற்றியிருந்த அதே போக்கு!

"ஏங்க! இங்க வாங்களேன்! நான் குந்தியிருந்த பக்கம்தாங்க தப்பு!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு நாலு பேர் எழுந்து வந்தார்கள். சக்கரவர்த்திக்கு அன்றைக்கு அவள் சொன்னது முழுசாகப் புரியவில்லை. பெண்டாட்டி சிரித்துக்கொண்டே அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. நாலு பூச்சுக்குப் பதில் ஆறு பூச்சு அரக்குப் பூசினாள், ஒவ்வொன்றும் முழுசாகக் காய்ந்த பிறகு.

மார்கழி முடிய நாலு நாள் இருக்கும்போது, நல்ல வெயில் ஏறிய பிறகு, ஏரிக்கரை ஏற்றத்தின் அடியில் போய் நின்றார்கள். பரசுராமன், உண்ணாமலை, சக்கரவர்த்தி, ரேணுகா. பழைய தபால் கனத்துக்குப் பையில் மணலும் தாளும் நிரப்பிக் கேரியரில் கட்டியிருந்தது. நாலைந்து நாளாகச் சமதரையில் ஓட்டி, லீவரின் சத்தம் அவருக்குப் பழகியிருந்தது. ஏற்றம் மட்டும்தான் பாக்கி. அவர் விழுந்த இடத்தில் சரிவுப் புல் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"சத்தம் ஓயற வரைக்கும் லீவர வுட்டுடாதீங்க அண்ணே. மிதிய மட்டும் கொஞ்சம் தளத்திக்கோங்க" என்றாள் ரேணுகா.

பரசுராமன் ஏறினார். வேகம் எடுத்தார். ஏற்றம் தொடங்கியதும் சைக்கிள் தயங்கியது. இதுதான் இடம். வலக்கை ஹேண்டிலை விட்டுக் கீழே இறங்கியது. சங்கிலி கரகரவென்று கத்தியது. உண்ணாமலை சட்டென்று ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். கரகரப்பு ஓயவில்லை. ஹேண்டில் தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, நிமிர்ந்தது. இடக்கை மட்டும் பிடித்திருந்தது. நாடா, நாடா, நாடா என்று ரேணுகாவின் மனசு அடித்துக்கொண்டது.

சத்தம் ஓய்ந்தது. சங்கிலி பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தில் ஏறி அமர்ந்தது. கால்கள் இலேசாகச் சுற்ற ஆரம்பித்தன. விழுந்த இடத்தைத் தாண்டினார். கரை மேலே ஏறினார்.

இனி வலக்கையை மேலே கொண்டுவந்து ஹேண்டிலைப் பிடிக்க வேண்டியதுதான். அவர் பிடிக்கவில்லை. அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, திரும்பிப் பார்க்காமலே ஆட்டினார். கரை நெடுக, ஒரு பக்கம் தண்ணீரும் மறு பக்கம் சரிவுமாக, ஆட்டிக்கொண்டே போனார். இடக்கை மட்டும் ஹேண்டிலில் இருந்தது.

"கைய வெச்சு ஓட்டுங்க அண்ணே! கைய வெய்யுங்க!" என்று கத்திக்கொண்டே ரேணுகாம்பாள் அழுதாள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. வளைவு வரைக்கும் அவர் அந்தக் கையை இறக்கவேயில்லை.